மூன்று முறை அழித்த பெயர்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. ஆனால் இது நடந்தது. நள்ளிரவில் அல்ல, பட்டப்பகலில், சாப்பிட்டு முடித்து எல்லோருக்கும் கண் சொக்குகிற வேளையில். மதகு அறைப் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது: ‘2.51. திறப்பு நிறுத்தம்.’ பக்கத்தில் என் கையெழுத்து, கோணல்மாணலாக.

அணையின் கட்டுப்பாட்டு அறையில் நான் சேர்ந்து ஐந்தாவது நாள். எப்போது எவ்வளவு தண்ணீர் விடுவது என்று பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்குப் போடுவது என் வேலை. ஒரு வரி அடித்தால் உடனே பதில் வரும். ஆனால் நாம் பெயர் வைத்த எண்கள் எல்லாம், அதை மூடும்வரை அதன் நினைவிலேயே கிடக்கும். காலையில் வைத்த எண் மதியக் கணக்கில் புகுந்தால் வினைதான். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் முன்பு மிச்சப் பெயர்களை ‘டெல்’ போட்டு அழித்துவிட வேண்டும். முதல் நாளே மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை, மதகுக்குக் கீழே சுரங்கக் கால்வாயில் கம்பி வலையைச் சரிசெய்ய நாலு பேர் இறங்கினார்கள். மதகு திறந்தால் அந்தக் கால்வாய் கூரைவரை நிரம்பிவிடும். போகிற வழியில் வெல்டர் அண்ணன் கதவுக்குள் தலையை நீட்டினார்.

“திறக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லும்மா. சோப்பு எடுத்துட்டு வந்துடறேன்.”

“ஷாம்பு வேணாமாண்ணே?”

வழுக்கையைத் தட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

2.38. இறங்கியவர்களின் மேஸ்திரி போன் செய்தார். “எல்லாரும் மேல வந்தாச்சு. திறக்கலாம்.”

மூன்று மணிக்குத் திறக்க வேண்டும். மிச்சப் பெயர்களின் பட்டியலைக் கேட்டேன். நான் வைத்தவை ஆறு. ஏழாவதாக ஒன்று இருந்தது.

இரு.

நான் வைக்காத பெயர். மதிப்பைக் கேட்டேன். 1 என்று வந்தது. இரண்டு என்று பெயர் வைத்துவிட்டு ஒன்றைப் போட்ட புத்திசாலி யாரோ! ஏழையும் அழித்தேன்.

2.43. பட்டியல். ஆறும் போயிருந்தன. இரு இருந்தது.

மறுபடி அழித்தேன். மறுபடி பார்த்தேன்.

இரு.

டக்... என்று ஒரு சத்தம். கீபோர்டில் ஒரே ஒரு விசை அழுந்துகிற சத்தம். என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

2.47. கடைசியாக ஒருமுறை அழித்தேன். பைத்தானையே மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தேன். புதிதாகத் திறந்தால் எதுவும் மிச்சமிருக்காது. இருக்கவே முடியாது.

பட்டியல்.

இரு.

டக்...

கழுத்தில் ஈரக்காற்று பட்டது. ஜன்னல் மூடியிருந்தது.

அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தேன். “இரு...”

அது எண் இல்லை.

யாரோ என்னிடம் சொல்கிறார்கள்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ஆளை எண்ணுங்க.”

“இப்பத்தானேம்மா சொன்னேன்...”

“எண்ணுங்கண்ணே!”

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.

“ஐயையோ... வெல்டரைக் காணோம்!”

2.51.

மறந்து வைத்த கறுப்புக் கண்ணாடியை எடுக்க அவர் திரும்பவும் உள்ளே போயிருக்கிறார். 3.10க்கு வெளியே வந்தார். பட்டியலைக் கேட்டேன். காலி. இரு என்று அடித்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் சொன்னேன். அவர் கையில் சுழன்றுகொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

“அந்தப் பேரை யார் சொன்னா உங்களுக்கு?”

‘இருப்பவர்கள்’ என்பதன் சுருக்கமாம் அது; கால்வாய்க்குள் எத்தனை பேர் என்ற எண். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த அக்கா வைத்தது. போன வருஷம் ஒரு மதியம், மிச்சப் பெயர்களை அழிக்கிற அவசரத்தில் அதையும் சேர்த்து அழித்துவிட்டார். பெயர் இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை என்றுதான் அப்போதைய கணக்கு எடுத்துக்கொள்ளும். மதகு திறந்தது.

“உள்ள எத்தனை பேர்?”

“ஒருத்தன். அவங்க தம்பி.”

அக்காவும் உயிரோடு அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

“அப்போ... பழைய கம்ப்யூட்டர்ல தங்கிப்போன ஏதோ ஒண்ணுதானே இது?” அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

“அதை அப்பவே தூக்கிப் போட்டாச்சு. இது நீங்க சேர்ந்த அன்னிக்கு நான் பெட்டி பிரிச்சு வெச்சது.”

என் மேஜையைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

“கீபோர்டு மட்டும்தான் அவங்களோடது.”