மடங்காத இரண்டு விரல்கள்

என் தங்கை கணவரின் கை இயந்திரத்தின் பெல்ட்டில் சிக்கியது 1969 வைகாசியில். ஆனி என்று தங்கை இன்றும் சாதிப்பாள். எங்கள் ஊரில் வைகாசியில் நடக்கும் கருட சேவைக்கு வந்திருந்த உறவினர்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை, அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் செய்தி வந்தது. ஆகவே வைகாசிதான். இந்த மாதிரி விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பட்டு இழைகளை மின்சாரத்தில் முறுக்கும் சிறிய ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. அறுந்த இழையைக் கண்டுபிடித்து, இரண்டு முனைகளையும் விரல் நுனியால் முடிச்சிட வேண்டும். வலக்கை ஆள்காட்டி விரலின் மேல்கணுவை அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பக்கத்து இரண்டு விரல்களும் நசுங்கியிருந்தன, ஆனால் தப்பிவிட்டன. தையல் பிரித்த பிறகு மேற்கொண்டு பார்த்தவர் எங்கள் குடும்ப டாக்டர். ஆலை முதலாளி வீட்டுக்கும் அவர்தான் டாக்டர். எங்கள் ஊரில் அது சகஜம் என்றாலும் அந்தச் சமயத்தில் கொஞ்சம் உறுத்தியது.

நான் நூலகத்தில் உட்கார்ந்து தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைப் படித்தேன். எந்த விரலில் எத்தனை கணு போனால் எவ்வளவு இழப்பு என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. விறைத்துப்போன விரல்களைப் பற்றிப் பட்டியல் பேசவில்லை. அதற்கு டாக்டர் என்ன எழுதுகிறாரோ அதை வைத்துத்தான் வாதாட வேண்டும். இதை எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்த ஆலைத் தோழர் ஒருவர் தங்கையிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “மூணு வெரலும் வேலைக்கு ஆவலன்னாதான்மா கேசு நிக்கும். மடக்கிக் கிடக்கிக் காட்டிடப் போறாரு!”

டாக்டர் வெந்நீரில் வைத்து விரல்களை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார். வாரங்கள் போயின. புண் ஆறியது, விரல்கள் மட்டும் குச்சியாகவே நின்றன. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் நானும் தங்கையும் மாப்பிள்ளையை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம்.

“ஏம்பா, மடக்குறியா?”

“மடக்கறேன் சார்.”

“எங்க, மடக்கு பாப்போம்.”

அசையவில்லை. டாக்டர் தானே மெதுவாக மடக்கிப் பார்த்தார். மாப்பிள்ளை ‘ஸ்ஸ்’ என்றார்.

“நெஜமாவே வலிக்குதா, இல்ல வலிக்கணும்னு யாராவது சொன்னாங்களா?”

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். தங்கை பொறுக்காமல் உடைந்துவிட்டாள். “மடங்கிட்டா ஒண்ணும் குடுக்க மாட்டாங்களாமே சார்! நாளைக்கு வேலையும் இல்ல, அதுவும் இல்லன்னா, ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க போவேன்?”

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “போன கணு இனிமே மொளைக்காதும்மா. அதுக்கு உண்டானத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. இந்த ரெண்டு வெரல் என்ன பாவம் பண்ணிச்சு? இப்படியே விட்டா கட்டையாயிடும். அப்புறம் நஷ்டஈட்ட வாங்கி வெச்சிக்கினு, சோத்த எதால பெசைவான்? கரண்டியாலயா?”

மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதவில்லை. “பக்கத்துல யாரு வீட்லயாவது சிக்குப் பட்டு கெடக்கும். வாங்கி இந்த ரெண்டு வெரலாலயே பிரி. அதான் மருந்து” என்றார்.

சிக்குப் பட்டுக்கு எங்கள் தெருவில் பஞ்சமா? தறி வைத்திருக்கும் எல்லா வீட்டிலும், பிரிக்க நேரமில்லாமல் மூட்டையாகக் கட்டிப் போட்டிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தார். முதல் வாரம் மாப்பிள்ளை இழையைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், எதிர்வீட்டுக்காரரையும் விடவில்லை. ஆவணி பிறந்தபோது நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. தங்கை அதைப் பார்த்துச் சிரித்தாள், அடுத்த கணமே முகம் வாடினாள்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. சிக்கெடுக்க வெளிச்சம் வேண்டும் என்று மாப்பிள்ளை வாசற்படியில் உட்காருவார். ஆலை மேனேஜர் சைக்கிளில் போகிறபோது அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை, தங்கையின் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்க நான் டாக்டரிடம் போனேன். மேனேஜர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

“சார், அவன் ஜம்முனு சிக்கெடுத்துக்கினு இருக்கான். என் கண்ணால பாத்தேன். கை சரியாயிடுச்சின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மொதலாளி கேக்கறாரு.”

நான் மருந்துப் புட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“சிக்கெடுக்கச் சொன்னதே நான்தான். ரெண்டு வெரல் தேறிடுச்சு, அதையும் எழுதறேன், ஒரு கணு போயிடுச்சு, அதையும் எழுதறேன்” என்றார் டாக்டர்.

“அப்ப பழைய வேலைக்கே வரலாமில்ல?”

டாக்டர் மேனேஜரின் வலக்கையைப் பிடித்தார். ஆள்காட்டி விரல் நுனியில் பிளாஸ்திரியைத் தடிமனாகச் சுற்றினார். புண் தைக்கும் பட்டு நூலில் இரண்டு துண்டு வெட்டி மேசையில் வைத்தார். “முடிச்சுப் போடுங்க.”

மேனேஜர் தறியில் வளர்ந்தவர். இது என்ன பெரிய விஷயம் என்பதுபோல் எடுத்தார். நூல் நழுவியது. மறுபடி எடுத்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு கடைசியில் போட்டும் விட்டார். மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு.

“இப்படி முடிச்சு விழுந்த நூல உங்க மொதலாளி விப்பாரா?”

“என் கழுத்துல மாட்டி என்னையே விப்பாரு” என்று சொல்லி மேனேஜரே சிரித்துவிட்டார்.

டாக்டர் எழுதியதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. மேல்கணு இழப்பு, மற்ற இரண்டு விரல்களும் தேறிவிட்டன, நுண்ணிய இழையை முடிச்சிட இயலாது, பிற வேலைகள் செய்யலாம். எங்களுக்கும் ஆலைக்கும் ஒரே வாசகம்தான். இழுத்தடிப்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். முதலாளி வழக்காடவே இல்லை. ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பே, நானும் மாப்பிள்ளையும் சென்னைக்கு பஸ் ஏறி, தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் அலுவலகத்தில் முதலாளி கட்டியிருந்த தொகையைக் கையெழுத்திட்டு வாங்கி வந்தோம். அந்தக் கையெழுத்தை மாப்பிள்ளை வலக்கையாலேயே போட்டார், சற்றுக் கோணலாக.

ஆலையில் நூல் எடை போடுமிடத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். முதல் நாள் அவர் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப் போன பிறகு, தங்கை முந்தானையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையிலேயே படுத்தாள். பகலில் தூங்கி அறியாதவள். தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, குடங்கள் மோதின, யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் வெளியே போய், “இன்னிக்கு எங்க வீட்டுக்கு நான்தான் தண்ணி புடிக்கறேன்” என்று குடத்தோடு வரிசையில் நின்றேன்.