விலாங்கை விட்டவர்

புலம்பெயர்ந்து வந்திருந்த மவுண்ட் ஆல்பர்டில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு மழைநீர்க் கால்வாய் ஓடியது. தொண்ணூறுகளில், சனிக்கிழமைக் காலைகளில் அங்கே தூண்டில் போட ஒரு பஸ் டிரைவர் வருவார். மலேசியத் தமிழர். கட்டையான உடம்பு, சீருடைச் சட்டைக்கு மேல் எப்போதும் ஒரு பச்சை மழைக்கோட்டு.

உடம்பில் கோடு போட்ட பேர்ச் மீன் அகப்பட்டால் தலையில் ஒரே தட்டுத் தட்டி வாளிக்குள் போட்டுவிடுவார். விலாங்கு அகப்பட்டால் மட்டும் கையை நனைத்துக்கொண்டு, முள்ளைப் பதமாகக் கழற்றி, தண்ணீரில் விடுவார். எனக்கோ யாழ்ப்பாணத்து நாக்கு. விலாங்குக் கறி நழுவிப் போவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தது.

"அண்ணை, நல்ல மீனை ஏன் விடுறியள்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"விலாங்கு இந்த ஊரு மீனுங்க. பேர்ச் யாரோ வெளியில இருந்து கொண்டாந்து விட்டது. சின்ன மீனையெல்லாம் தின்னுடும்."

"அதுக்கு நீங்கள் ஒராள் என்ன செய்யேலும்?"

முள்ளில் புது இரையைக் கோத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க ஊரு கால்வாயில மயில் பாஸ்னு ஒரு வெளிநாட்டு மீனு. பார்க்க அவ்வளவு அழகு. தூண்டில்ல நல்லா இழுக்கும்னு ஆசைப்பட்டு நான்தான் நாலு குஞ்சு விட்டேன். மூணு வருசத்துல அங்க வேற மீனே இல்ல."

போகும்போது வாளியை என்னிடம் நீட்டினார். ஆறு பேர்ச் கிடந்தன.

"உங்களுக்கு வேண்டாமோ?"

"நான் மீன் சாப்பிடுறதில்லைங்க."

எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை.