பூனையின் காதில் தேயிலைத் தூள்

போன வருடம் ஆடி மாதம். வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறினால் வரும் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நடந்தது இது. ஒரு பூனையின் காதைப் பற்றிய விஷயம்தான். ஆனாலும் என் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்பட்ட நாள் எது என்று கேட்டால், நியமனக் கடிதம் கிடைத்த நாளைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அப்பாவுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை. அம்மா கொழுந்து பறிக்கிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். கையெழுத்துப் போடுவார்கள், பஸ் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்து, இன்று கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் ஆள் நான்.

பூனை அப்பாவுடையது. தொழிற்சாலையில் மூட்டைகளுக்கு நடுவே பிறந்த குட்டியை ஒரு மழை நாளில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். நிறம் அசல் தூள் தேயிலை. அதனால் 'டஸ்ட்டு' என்று பெயர் வைத்தார். வளர்ந்த பிறகும் அது தினமும் அவர் பின்னால் தொழிற்சாலை வாசல் வரை போகும். அங்கே மற்றப் பூனைகளோடு சுற்றிவிட்டு, மாலையில் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். அப்பா அதிகம் பேசாதவர். பேசுவதெல்லாம் அதனோடுதான்.

அந்த ஆடியில் டஸ்ட்டு காதைச் சொறியத் தொடங்கியது. பின்னங்காலால் விறாண்டி விறாண்டிக் காதின் பின்புறம் மயிர் கொட்டிப் புண்ணாகிவிட்டது. தலையை உதறிக்கொண்டே இருந்தது. காதுக்குள் பார்த்தால் கறுப்பாக, பொடிப் பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

எங்கள் லயத்தில் யாருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. தேயிலைத் தூள்! ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, போகிற பூனைக்குக் காதில் தூள் போகாமல் வேறென்ன போகும்? தூள் சலிக்கிறவர்களுக்கு மூக்கு, காது, புருவமெல்லாம் தூள்தான். அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றித் தன் காதைக் குடைவார். கறுத்துப்போன பஞ்சை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எறிவார். தனக்குச் செய்ததையே பூனைக்கும் செய்தார். நான் பாடசாலைக்குப் போயிருந்த நேரங்களில், பூனையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தீக்குச்சியால்.

எனக்கு அது தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தீப்பெட்டி, பஞ்சு, ஒரு மூடியில் தேங்காய் எண்ணெய். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் மாமா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார். எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து காதில் ஊற்றினால் தூள் எல்லாம் மிதந்து வந்துவிடும் என்பது அவருடைய வைத்தியம்.

"அப்பா, வேணாம்! ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"ஏன் புள்ள? தூளு உள்ளுக்கு அடைச்சிக்கிட்டு நிக்கிது. பாவம், அதுக்கு அரிக்கிதுல்ல."

"அது தூளு இல்லன்னு நெனக்கிறேன்ப்பா."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் தூளுலயே கெடக்குறவன். தூளு எது, மண்ணு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மாமா விடுவாரா? லயம் முழுக்கக் கேட்கும்படி, "எல்லாரும் வாங்க! டீச்சரம்மா இன்னிக்குப் பூனைக்கு கிளாஸ் எடுக்கப் போறாங்களாம்!" என்றார். கோடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது என்னவென்று தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். பூனையின் தலை இலேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; நோவு காதுக்குள் ஆழமாகப் போயிருக்கிறது. மண்ணெண்ணெய் உள்ளே போனால் டஸ்ட்டுக்குக் காது போய்விடும், அதன் பிறகு அப்பா கூப்பிடுவது அதற்குக் கேட்காது. ஆனால் இத்தனை பேர் முன்னால் அப்பாவைப் பிழை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஈரப் பஞ்சால் காதின் வெளி மடிப்பில் இருந்த கறுப்பை மட்டும் மெதுவாகத் துடைத்தெடுத்து, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கப்பா. இது நம்ம ஸ்டோருத் தூளா?"

அப்பா இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடியும் தேய்த்தார். அவருடைய முகம் மாறியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "நொறுங்க மாட்டேங்கிது… மெழுகு கணக்கா இழுவுது. வாசமும் தூளு வாசம் இல்ல," என்றார் மெதுவாக.

மிச்சத்தை அம்மாவின் கறுப்புக் குடைத் துணியில் தடவி, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கறுப்பின் ஓரத்தில் ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று நகர்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அப்பா போனை வாங்கிக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். பிறகு மாமாவிடம் நீட்டினார்.

"பாருங்க மச்சான். நடக்குது."

மாமா பார்த்தார். மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகி இறுக்கினார். "தேயிலைத் தூளு நடந்து நான் பார்த்ததில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நான் லீவு போட்டேன். அப்பாவும் வேலைக்குப் போகவில்லை. அவர் அப்படி வீட்டில் நின்றதே இல்லை. அட்டைப் பெட்டியில் துவாரம் போட்டு, பூனையை அதில் வைத்து, டவுனில் உள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு சிங்களப் பெண்மணி. சின்ன விளக்குக் கருவியால் இரண்டு காதையும் பார்த்தார். காதில் இருக்கும் ஒரு வகை உண்ணிப் பூச்சி, அந்தக் கறுப்பு அதன் கழிவும் காது மெழுகும் என்றார். தொழிற்சாலையில் மற்றப் பூனைகளிடமிருந்து தொற்றியிருக்கும். பிறகு சிங்களத்தில், "உள்ளே கீறியிருக்கிறது. யார் குச்சி விட்டது?" என்று கேட்டார்.

அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, கையில் தொப்பியோடு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் முன்னால் வந்து, "மம தமாய், டொக்டர் நோனா" என்றார். நான்தான் என்று. ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. அந்த அறையில் எனக்கு அழுகையும் வந்தது, மனம் நிமிர்ந்தும் நின்றது.

டாக்டர் அவரைக் கோபிக்கவில்லை. செவிப்பறை தப்பியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் கிழிந்திருக்கும் என்றார். பூச்சிக்கு ஒரு மருந்தும், காதைத் துடைக்க ஒரு திரவமும் தந்தார். எப்படித் துடைப்பது என்று அவர் செய்து காட்ட, நான் ஒவ்வொரு சொல்லாக அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து முதல் தடவை துடைத்தது ஒரு திருவிழா. அம்மா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் துவைத்துக் காயவைத்திருந்தார். அதில் பூனையைத் தலை மட்டும் வெளியே தெரிய, குழந்தையைப் போலச் சுற்றினார். "இடுப்புல கட்டுற சாமான் இன்னிக்குப் பூனைக்குத் தொட்டிலாச்சு," என்று சிரித்தார். அப்பா மடியில் வைத்துக்கொண்டார். நான் மருந்துப் போத்தலைக் கைக்குள் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்துச் சூடாக்கினேன். குளிர்ந்த திரவம் காதில் விழுந்தால் பூனைக்குத் தலை சுற்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காது மடலை மெதுவாகப் பின்னால் பிடித்து, போத்தல் முனை காதில் படாமல் திரவத்தை விட்டேன். பிறகு காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து விரலால் மெல்லப் பிசைந்தேன். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டது. டஸ்ட்டு கண்ணை மூடிக்கொண்டது.

"இப்ப விடுங்கப்பா. அது தலைய உதறணும்."

"துடைக்காமலா?"

"அழுக்க அதுவே மேல கொண்டு வரும். நம்ம கண்ணுக்குத் தெரியிறத மட்டும்தான் துடைக்கணும்."

விட்டோம். உதறியது பாருங்கள்! வேடிக்கை பார்க்கக் குனிந்திருந்த மாமாவின் வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்புப் புள்ளி. "ஐயோ, நடக்குற தூளு என் மேல நடக்குதே!" என்று அவர் குதித்த குதிப்பில் லயமே சிரித்தது. மேலே வந்த அழுக்கை விரலில் சுற்றிய பஞ்சால், விரல் தானாகப் போகும் அளவுக்கு மட்டும் துடைத்தேன். குச்சி இல்லை, எண்ணெய் இல்லை. பிறகு பூச்சி மருந்து. முடிந்ததும் அம்மா ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு கொடுத்தார். அடுத்த தடவை படங்கைப் பார்த்ததும் டஸ்ட்டு ஓடி ஒளியவில்லை. கருவாட்டு டப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் சொன்னபடி மருந்தை இடையில் நிறுத்தாமல் முடித்தோம், திரும்பவும் காட்டினோம். காது ரோஸ் நிறத்தில் சுத்தமாக இருந்தது. தலைச் சாய்வும் போய்விட்டது. அப்பா கீழ்ப் பாதையில் வரும்போதே நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பார். டஸ்ட்டு காதை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு ஓடும். அந்தச் சத்தம் அதற்குக் கேட்கிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இனித்தான். சில மாதம் கழித்து, மேல் லயத்திலிருந்து ஒருவர் காதைச் சொறிந்துகொண்டிருந்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தார். ஸ்டோரில் வேலை செய்கிறவர், தூள் எடுக்கத் தெரிந்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரல் கேட்டது.

"குச்சி கிச்சி விட்றாதீங்க. மொதல்ல டாக்டருகிட்ட காட்டுங்க. நானும் தூளுன்னுதான் நெனச்சேன். நான் நெனச்சது பிழை. எங்க பாப்பாதான் எனக்குக் காட்டுச்சு."

வந்தவர் போன பிறகு அப்பா உள்ளே வந்தார். வேலைக்களைப்போடு என் அருகில் உட்கார்ந்து, தலையை என் பக்கம் சாய்த்தார். அவருடைய காது மடலில் அன்றையத் தூள் படிந்திருந்தது. ஈரத்துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன், கண்ணுக்குத் தெரிந்த அளவு மட்டும். தீப்பெட்டி அடுப்படியிலேயே கிடந்தது.

யார் முன்னாலும் தான் நினைத்தது பிழை என்று சொல்லத் தெரிந்த அப்பாவுக்கு மகளாக இருப்பதும், அவர் நம்பித் தலை சாய்க்கும் அளவுக்குப் படித்திருப்பதும், இரண்டுமே எனக்குப் பெருமைதான்.