வெப்லியின் கீல்

பழைய காலத்துச் சாகசக் கதாநாயகன் இடுப்பில் எந்தக் கைத்துப்பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். லூகர் பார்க்க அழகு. அதனாலேயே அதை வில்லனிடம் கொடுத்துவிட வேண்டும். மவுசரை மரப்பெட்டியோடு தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவன் வீரனல்ல, பந்தாக்காரன். யோக்கியமான ஆளுக்கு வெப்லி ரிவால்வர்தான். இருபது வருடமாக என் மாத நாவல்களில், முப்பதுகளின் ரங்கூனில் திரியும் என் நாயகன் அதைத்தான் வைத்திருக்கிறான்.

பெரிய ஆராய்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் காரைக்குடி வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். தாத்தா ரங்கூனில் வாங்கியது. அவருக்குப் பின் லைசென்ஸ் என் அப்பா பேருக்கு மாறியது. அப்பாவை நாங்கள் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம். அப்பச்சி ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. வருடா வருடம் சரசுவதி பூசையில் அரிவாள்மணை, தையல் மிஷினோடு அதையும் வைத்துச் சந்தனம் அப்புவார். தேர்தல் அறிவித்தால் துண்டில் சுற்றி எடுத்துப்போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிந்ததும் போய் வாங்கி வருவார். அவருடைய சாகசம் அவ்வளவுதான்.

கடைசித் தேர்தலின்போது அவருக்கு எண்பத்து நாலு வயது. கூட இருக்கும் என் தம்பி வேலையாக வெளியூர் போயிருந்தான். அப்பச்சி மதுரையிலிருந்த எனக்குப் போன் செய்தார்.

"துப்பாக்கிய ஒப்படைக்கணும்ப்பா. நாளைக்குத்தான் கடைசி நாள். ஒரு எட்டு வந்து என்னையக் கூட்டிக்கிட்டுப் போறியா?"

இரண்டு மணி நேரப் பயணம். எனக்கோ ஓர் அத்தியாயம் முடித்தாக வேண்டும். "பாக்குறேன் அப்பச்சி" என்றேன். கூடவே, வெட்கமில்லாமல், எனக்கு வேண்டியதையும் கேட்டேன். வெப்லியை நடுவில் மடித்துத் திறந்தால் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வருமா, மொத்தமாக வருமா?

"அத எங்கிட்டுத் திறக்கிறது? வருசக்கணக்கா வச்ச சந்தனமெல்லாம் கீல்ல ஏறி இறுகிப்போய்க் கிடக்கு. இரு, பாத்துச் சொல்றேன்."

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். தேங்காயெண்ணெய் விட்டு, ஊசியால் குத்திக் குத்திச் சுரண்டினாராம். பகல் முழுக்க அதே வேலை.

"தோட்டாவப் போட்டுத் திறந்து பாத்தேன், ஆறும் ஒரே நேரத்துல எந்திரிச்சு வந்து விழுகுதுப்பா! நம்ம வீட்டுத் துப்பாக்கி இப்படிப் பண்ணும்னு எனக்கே தெரியாது."

குரலில் அப்படி ஒரு குதூகலம். நான் எழுதிக்கொண்டேன். நாளைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்கவில்லை.

மறுநாள் செக்காலை வீட்டிலிருந்து தனியாக ஆட்டோ பிடித்துப் போனார். ஒப்படைத்துவிட்டு, ரசீதோடு இறங்கும்போது ஸ்டேஷன் படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, நாலு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

லைசென்ஸை என் பேருக்கு மாற்ற ஆசைப்பட்டேன். அதற்கு இன்னொரு வாரிசான தம்பியும் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும். காரியம் முடிந்த கையோடு படிவத்தை நீட்டினேன். அவன் அதைப் படிக்கவே இல்லை.

"அண்ணே, நாலு மாசமும் பீ மூத்திரம் அள்ளுனது நானு. நீங்க நாலு தடவ வந்தீக. வந்தப்பல்லாம் துப்பாக்கிய எப்ப வாங்கலாம்னுதான் கேட்டீக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதன் அருமை எழுதுகிறவனுக்குத்தான் தெரியும் என்று கத்தினேன்.

"அப்ப உங்க கதாநாயகன்ட்டயே இருக்கட்டும்" என்று படிவத்தைத் திருப்பித் தந்தான்.

கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. ஸ்டேஷனிலேயே கிடந்த துப்பாக்கியை மாவட்ட ஆயுதக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உருக்கிவிடுவார்கள் என்கிறார்கள். தம்பி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. அவன் சொன்னதில் ஒரு வார்த்தையாவது பொய்யாக இருந்திருந்தால் ஆறியிருக்கும்.

அந்த அத்தியாயம் அச்சில் வந்ததும் ஒரு வாசகர் கடிதம் எழுதினார். ஆறு தோட்டாக்களும் ஒன்றாக எழும்பி விழும் இடம் நேரில் பார்த்தே எழுதியதுபோல் இருந்ததாம். நான் பார்க்கவில்லை. அன்றைக்கு பஸ் ஏறியிருந்தால் பார்த்திருப்பேன்.