தங்கையின் தேய்ந்த செருப்பு

நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதை மறைத்து, என் தங்கையை நான்கு வருடம் வீட்டுக்குள் வைத்திருந்தேன். மறதியால் அல்ல... தெரிந்தேதான் செய்தேன்!

சரசு இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு மாத்தளையில் அவளுக்கு நான், எனக்கு அவள். அவளுடைய இருபத்தாறாம் வயதில் கண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். ஓட்டை சின்னதுதான். பாரம் தூக்க வேண்டாம். ஆனால் தினமும் நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும், துணைக்கு ஒருவர் போனால் நல்லது என்றார்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"படியிறங்கவே கூடாதாம்" என்றேன்.

ஏன்? பயம் என்று உங்களிடம் சொல்லலாம், நீங்களும் நம்புவீர்கள். முதல் மாதம் பயம்தான்... பிறகு? பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும் எனக்காக வீட்டில் ஒருத்தி காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. நடக்கத் தொடங்கினால் என்னை விட்டுப் போய்விடுவாளே! ஊர் என்னைத் தியாகி என்றது. வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசித் தேருக்கு முதல் நாள் வாசல் கழுவும்போது அவளுடைய ரப்பர் செருப்பைக் கையில் எடுத்தேன். குதிகால் பக்கம் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. படியிறங்காதவளின் செருப்பு எப்படித் தேயும்?

கேட்டதும் அழுதுவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போன பிறகு, பக்கத்து வீட்டு ரசீனா ராத்தா அவளை அழைத்துப் போயிருக்கிறார். முதலில் கூப்பன் கடை வரை. பிறகு கோயில் வாசல். ஒரு வருடத்தில் இரண்டு மைல் தள்ளியிருக்கும் அலுவிகாரை வரைக்கும்!

"டாக்டர் பேச்ச மீறிட்டேன்க்கா... என்னை மன்னிச்சிடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்...

"சரி, மன்னிச்சிட்டேன்" என்றேன்.

நான் மன்னித்தேனாம்! நான்!

ராத்தா வீட்டுக்கு ஓடினேன். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவரோ சிரித்தார். "நான் என்னத்த செஞ்சேன் டீச்சர்? மூச்சு வாங்கினா மதகுல உக்காருவோம். ஆறினதும் நடப்போம்." டாக்டர் சொன்னதும் அதைத்தானே! டாக்டரைப் பார்க்காமலே ராத்தா அதைச் செய்திருக்கிறார். அந்த நல்ல மனுஷியால்தான் என் தங்கையின் முகத்தில் இன்று தெளிவு இருக்கிறது. அவருக்கும், என் பேச்சைக் கேட்காத சரசுவுக்கும் தினமும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

சரசு என்னை விட்டு எங்கும் போகவில்லை. இப்போது மாலையில் என்னையும் இழுத்துக்கொண்டு நடக்கிறாள். எனக்குத்தான் முழங்கால் வலி. மதகு வந்ததும் "உக்காருக்கா" என்கிறாள். வழியில் யாராவது நின்று விசாரித்தால் பெருமையாகச் சொல்வாள்: "எங்கக்காவுக்குப் பெரிய மனசு. நான் டாக்டர் பேச்ச மீறினதுக்கு ஒரு வார்த்த திட்டலயே!"

நான் நகர்ந்து அவளுக்கு மதகில் இடம் விடுகிறேன். இன்றும் சொல்லவில்லை.