கொக்கிக்குக் கீழே ஓர் அட்டை

காசிமேட்டில் பிலோமி மீன் கூவி விற்றால் ராயபுரம் ரயிலடி வரை கேட்கும் என்பார்கள். பொய்யில்லை. அப்படிப்பட்டவளுக்கே 1974-இல், மகள் ஐரீனின் கல்யாணம் நின்றுவிடும் என்றதும் ஒரு நாள் முழுக்கப் பேச்சு வரவில்லை.

மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பா சவரிநாதன் வந்தார். "கொலகாரன் வூட்ல பொண்ணு எட்க்க முடியாதும்மா."

பழைய கோர்ட்டையும் அதை ஒட்டிய ஜெயிலையும் அப்போதுதான் சட்டக் காட்சிசாலை ஆக்கியிருந்தார்கள். அங்கே அவர் கண்ணில் பட்டது, கண்ணாடிப் பெட்டியில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கொக்கி ஒன்று. கீழே அட்டை: ‘கொலை ஆயுதம். குற்றவாளி: லூயிஸ், மூட்டைத் தொழிலாளி, ராயபுரம்.’

லூயிஸ் பிலோமியின் புருஷன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே, கொன்றவன் வேறு ஆள் என்று கோர்ட் அவனை விடுதலை செய்துவிட்டது. கொக்கியில் போலீஸ் அன்று கட்டிய சீட்டைப் பார்த்து அட்டை எழுதிய புண்ணியவான்கள் தீர்ப்பைப் புரட்டவே இல்லை.

மறுநாள் தீர்ப்பு நகலோடு பிலோமி கிளம்பினாள். கூட வந்த லூயிஸ் வாசலோடு நின்றுகொண்டான். விசாரணை முடியும்வரை அடைபட்டுக் கிடந்த இடம். உள்ளே போகக் கால் வரவில்லை.

"மனு கொடுத்துட்டுப் போங்கம்மா. உத்தரவு வர ஒரு மாசம் ஆகும்" என்றார் காட்சிசாலை அதிகாரி வெள்ளத்துரை.

"கோர்ட்டே வுட்ட மனுசன நீ அட்டைல புடிச்சி வெச்சிக்கிறியே, சார்!"

பிலோமி கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வந்தவர் போனவரிடமெல்லாம் கதையைச் சொன்னாள். படிக்கத் தெரிந்தவர்களிடம் தீர்ப்பைக் கொடுத்து உரக்கப் படிக்க வைத்தாள். மதியத்துக்குள் மற்ற பெட்டிகளைப் பார்க்க ஆளில்லை.

வெள்ளத்துரை கையெடுத்துக் கும்பிட்டார். "கொக்கியை எடுத்துட்டே போயிடுங்கம்மா. உங்க பொருள்தானே."

"எட்த்துகினு பூட்டா, பயந்து மறச்சிட்டாங்கன்னு ஊர் பேசும். கொக்கி இங்கியே கெடக்கட்டும். அட்டைய மாத்து."

வேறு வழியில்லாமல் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்தார் மனிதர். படித்ததும் முகம் மாறிவிட்டது. தன் கையாலேயே புது அட்டை எழுதி வைத்தார்.

சாயங்காலம் சவரிநாதனைக் கையோடு அழைத்துவந்து நிறுத்தினாள் பிலோமி. "படிங்கண்ணே."

அவர் முணுமுணுத்தார்.

"சத்தமா."

"இக்கொக்கியால் கொலை நடக்கவில்லை. இதன் சொந்தக்காரர் லூயிஸ் குற்றமற்றவர் என்பது நீதிமன்றத் தீர்ப்பு."

சவரிநாதன் நேரே வாசலுக்குப் போய் லூயிசின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா பேசிட்டேன் சம்பந்தி. ஞாயித்துக்கெழம ஓலைக்கு வந்துடு."

லூயிஸ் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் இழுத்துப் போகாமல், தானாகவே அந்தக் கோர்ட்டுப் படி ஏறினான்.