மஞ்சள் தண்ணீர் தெளித்த வைஃபை பெட்டி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஆயுத பூஜை நாளில் நடந்தது இது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், புதுச்சத்திரம் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. சொந்த வீடில்லாதவர்களுக்கு அரசு கட்டிக் கொடுத்தது. லாரிப் பட்டறை, தறி, கோழிப்பண்ணை என்று கிடைத்த வேலைக்குப் போகிறவர்கள்தான் எல்லோரும். நான் பண்ணையில் முட்டை அடுக்குகிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் இடம் பள்ளம். செல்போனில் பேசவே மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்; வீடியோ எல்லாம் அங்கேயும் நடக்காது. பாடம் பார்க்கப் பிள்ளைகள் ரோட்டோரப் பேக்கரி வாசலில் போய் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கேபிள்காரரை நச்சரித்து, எல்லோருக்கும் பொதுவாக ஓர் இலவச வைஃபை இணைப்பு வாங்கினோம். மாடிப்படிக்குக் கீழே சுவரில் பெட்டி. அன்றிலிருந்து வெளியே எங்களுக்கு ‘ஓசி வைஃபை காலனி’ என்று பெயர். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ் பெண். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை. லாரி ஓட்டிய அப்பா விபத்தில் படுத்துவிட்டதால் குடும்பமே அவளை நம்பித்தான் இருந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் வேலைக்குக் கடைசி நேர்காணல், வீடியோவில் பேச வேண்டும் என்று தகவல் வந்தது. ஆயுத பூஜையன்று மதியம் மூன்று மணிக்கு. அவர்களுக்கு ஆயுத பூஜை ஏது, பொரிகடலை ஏது!

காலையிலிருந்தே எங்கள் வாசல் களைகட்டியிருந்தது. மினி லாரிக்கு வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், தையல் மெஷினுக்கு மாலை, ஸ்பேனர் முதல் அரிவாள்மனை வரை பொட்டு. சோறு போடுகிற சாமான் எல்லாம் சாமிதானே? அப்படியென்றால் வைஃபை பெட்டி? நர்ஸின் அம்மாவுக்குத்தான் அது தோன்றியது. மகள் வாழ்க்கையே அதற்குள் இருக்கிறது என்று சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டு, மாவிலையால் மஞ்சள் தண்ணீரையும் தாராளமாகத் தெளித்துவிட்டார். ‘பட்’ என்று ஒரு சத்தம். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்துபோனது.

நேர்காணலுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். வெளியே நல்ல மழை; ரோட்டோரப் பேக்கரியும் பூஜைக்குப் பூட்டிக் கிடந்தது. பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லாருக்கோணும்னுதானுங்க தெளிச்சேன். எம் புள்ள பொழப்ப நானே கெடுத்துப்போட்டனே சாமி!” என்று தலையில் அடித்துக்கொண்டார் அம்மா. திட்டுவதற்கு வாயைத் திறந்த நான், அந்த முகத்தைப் பார்த்ததும் உதவிக்கு ஆள் கூப்பிட்டேன்.

கீழ்வீட்டு லாரி எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். “பெட்டிக்கு ஒண்ணுமில்லீங்க. கரண்டு குடுக்கற அடாப்டர்தான் போயிருச்சு. வண்டி பேட்டரியில குடுத்தா ஓடும்” என்றவர், பூஜை வைத்திருந்த தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. பேட்டரி மினி லாரியில் இருக்கிறது. ஆனால் ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் பூஜையில். வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடிந்துதான் தொடுவோம். முன்னால் எடுத்தால் தொழிலுக்கு ஆகாது என்பார்கள். பட்டறையில் ஷாக் அடித்துச் செத்துப் பிழைத்த மனிதர் அவர். எப்படிக் கேட்பது?

அவர் மனைவி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்த படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, ஆயுதம் வைத்திருந்த தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்.

“இந்தாங்க. ஆத்தர அவசரத்துக்கு ஒதவாம படுத்துக் கெடக்கறதுக்குப் பேரு ஆயுதமுங்களா? போய்க் கழட்டுங்க.”

அவ்வளவுதான். மினி லாரிக்காரர் தானே மாலையை ஒதுக்கி வழிவிட்டார். ஒருவர் குடை பிடிக்க, பொட்டு வைத்த ஸ்பேனரால் பேட்டரியைக் கழற்றி மாடிப்படிக்குக் கொண்டுவந்தார்கள். நான் என் பங்குக்கு முற்றத்தில் நின்று கத்தினேன்: “புள்ள பேசி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் வைஃபையத் தொடக்கூடாது, ஆமா!” லீவு நாள், மழை நேரம், படம் பார்க்கத் தோதான வேளை. யாரும் முனகக்கூட இல்லை. என்னை நம்ப வைக்கவே போனை அணைத்துக்கொண்டு வந்து, என் வீட்டில் சோறு கொட்டி வைக்கிற அன்னக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குப் பக்கத்திலிருந்த என் வீட்டில் அவள் பேசினாள். மூடிய கதவுக்கு வெளியே நாங்கள் படி நெடுகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அவள் பேசிய இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் குரல் நடுங்கவே இல்லை என்பது புரிந்தது. என் வயிற்றில் பிறந்தவள் பேசுவது போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வேலை கிடைத்தது. இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். எலெக்ட்ரீஷியனும் ஒரு குறையும் இல்லாமல் தொழில் பார்க்கிறார். போன வருடம் எங்கள் பூஜையை அவள் அதே பெட்டி வழியாகத்தான் பார்த்தாள். அம்மா சுவருக்கு மட்டும் பொட்டு வைத்தார். தண்ணீர்ச் சொம்பை நாங்கள் அவர் கையில் கொடுக்கவில்லை.

‘ஓசி வைஃபை காலனியா?’ என்று யாராவது கேட்டால், “ஆமாங்க” என்று இப்போது நிமிர்ந்தே சொல்கிறேன். பெட்டி ஓசியில் வந்ததுதான், ஆனால் அடுத்த வீட்டுப் பெண்ணுக்காகச் சாமி முன்னாலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிற மனசு எங்கள் படிக்கட்டில்தான் இருந்தது.